ஆக்ஸில் பந்தயம்

"மாத்தித் தர்றியா, இல்ல என் மில்லு லாரி பன்னெண்டையும் வேற ஷெட்டுக்கு ஓட்டிக்கினு போவட்டா?"

துளசிராமன் போட்ட சத்தத்தில் கன்னியம்மாவின் கையிலிருந்த டீ கிளாஸ் தளும்பியது. கவரைப்பேட்டை ஹைவே ஓரத்தில் அவள் புருஷன் பாக்கியராஜின் மெக்கானிக் ஷெட் ஓடுவதே, கும்மிடிப்பூண்டியில் துளசிராமன் நடத்தும் இரும்பு மில்லின் லாரிகளை நம்பித்தான். அவை போனால் சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டித்தான் பிழைக்க வேண்டும்.

"சார், ஆறு மாசம் ஆவாத புது ஜீப்பு," என்றான் பாக்கியராஜ். "முன் சக்கரம் ரெண்டுக்கும் கம்பெனிக்காரன் தனித்தனியா ஸ்பிரிங் வெச்சிக்கிறான். அத்தப் புடுங்கிட்டு, பழைய ஜீப்பு கணக்கா ரெண்டையும் ஒரே ஆக்ஸில் தண்டுல கோக்கணும்னா அடிச்சட்டத்தையே வெட்டி வெல்டு வெக்கணும். ஹைவேல நூறுல போவசொல்ல ஸ்டியரிங் இழுத்துக்கிச்சின்னா உசுரு சார்!"

"கேட்டுக்க நைனா!" என்று டயர் மேல் உட்கார்ந்திருந்த ஹபிபுல்லா தொடையைத் தட்டினார். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் அவருக்கு. துளசிராமனிடம் இருப்பது போலவே ஒரு புது வண்டியும் இருந்தது. "ஒரே ஆக்ஸில்னா ரெண்டு காலையும் சேத்துக் கட்டிட்டு ஓடுடான்ற மாதிரி."

"யோவ் பாய், இறால் உரிக்கிற ஆளுக்கு இரும்பப் பத்தி இன்னாயா தெரியும்? ஒரு சக்கரம் மேட்டுல ஏறுச்சின்னா அடுத்த சக்கரத்த அது தரையோட அமுக்கும். உன்னுது அந்தரத்துல காலாட்டிக்கினு நிக்கும்!"

இருவரும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த காகிதங்களை ஆளுக்கொரு கட்டாக வைத்துக்கொண்டு ஆட்டினார்கள். மூன்று மாதமாக இதே கூத்து. டீ போட்டுப் போட்டுக் கன்னியம்மாவுக்கே பாதி பாடம் மனப்பாடம்.

"மிலிட்டரிக்காரன் இன்னிக்கும் ஒரே ஆக்ஸில்தான் ஓட்டறான்," என்றார் துளசிராமன்.

"மாட்டு வண்டிக்காரனும் அதான் ஓட்டறான்."

துளசிராமனின் முகம் அவர் மில்லின் உலைபோலச் சிவந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை. பழவேற்காடு பெரிய மணல்மேடு. எவன் வண்டி ஏறாம நிக்குதோ, அவன் 'இது மாட்டு வண்டி'ன்னு பின்னாடி எழுதிக்கினு ஒரு வருஷம் ஓட்டணும். டேய் பாக்கியராஜு, நான் தோத்தேன்னா அன்னிக்கே லாரி எல்லாம் காலி!"

பாக்கியராஜ் தலையைச் சொறிந்தான். "சரி சார். மாத்திடறேன்."

அன்றைக்கே மனைவியைத் திருநின்றவூரில் அவள் அம்மா வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டான். ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு மூன்று நாள் வேலை. யாருக்கும் அனுமதியில்லை.

கன்னியம்மா சனிக்கிழமை திரும்பியபோது வண்டி தயாராக நின்றது. முன்பக்கம் எலுமிச்சம்பழம், குங்குமம். ஷெட்டில் சாக்கு சுற்றிய ஏதோ இரும்பின்மேல் பலகை போட்டு ஒரு பெஞ்சும் முளைத்திருந்தது. வந்த வேகத்தில் அதில் காலை இடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை துளசிராமன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அந்தப் பெஞ்சில் சாய்ந்தார்.

"ஏறி உக்காரசொல்லவே தெரியுது பாய். வண்டி கெத்தா நிக்குது. சந்தேகம்னா அடியில பூந்து பாரு!"

"வெள்ளச் சட்டையோட எவன் பூருவான்?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் ஹபிபுல்லா. "மணல் சொல்லும்யா."

இருவரும் மணல்மேட்டுக்குப் புறப்பட, கூடவே பாக்கியராஜும் கிளம்பினான். "மேடு ஏறுறதுக்கு முன்னாடி சக்கர நட்டெல்லாம் ஒருவாட்டி பாத்துடறேன் சார்."

கன்னியம்மாவுக்கு அடுப்பில் கவனமில்லை. பெரியபாளையத்தம்மாவுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். ஹைவேயில் ஒவ்வொரு ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் காதைப் பிளக்கும் ஹாரனோடு துளசிராமன் வந்து இறங்கினார். "ஏறிடிச்சிம்மா! ஒரே மூச்சுல! பாய் வண்டி பாதி மேட்டுல மணல்ல பூந்துக்கிச்சி. என் வண்டியாலதான் கட்டி இழுத்தேன்!"

பின்னாலேயே வந்த ஹபிபுல்லா சட்டையெல்லாம் மணலாக அதே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். காகிதக் கட்டைக் கசக்கிக் கன்னியம்மாவின் அடுப்பில் போட்டார்.

"ஒத்துக்கறேன்யா. ஆனா எழுதற பேஜாரு மட்டும் வேணாம். என் பசங்க சிரிப்பாங்க. பாக்கியராஜு, திங்கக்கிழமை வண்டிய வுடறேன். இவருக்கு மாட்டுன அதே ஆக்ஸில் எனக்கும் மாட்டு."

"அதேதான் பாய்," என்றான் பாக்கியராஜ் பணிவாக.

வண்டிகள் இரண்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் கன்னியம்மா மூச்சு விட்டாள். உடனே அடுத்த கவலை வந்தது. "பழைய ஜீப்பு ஆக்ஸில் ஒண்ணு கெடைக்கறதுக்கே ஊரெல்லாம் அலைஞ்சேன்னு சொன்ன. திங்கக்கிழமைக்குள்ள இன்னொன்னுக்கு எங்கய்யா போவ?"

பாக்கியராஜ் பெஞ்சுப் பலகையைத் தூக்கினான். சாக்கை உருவினான். கிரீஸ்கூடத் துடைக்காத முழு ஆக்ஸில் ஒன்று கீழே கிடந்தது.

"அடப்பாவி! அப்ப சார் வண்டி மணல்ல எப்பிடி ஏறிச்சி?"

"நட்டு பாக்கறேன்னு குந்தி, அவர் வண்டி நாலு டயர்லயும் பாதி காத்த எறக்கிவுட்டேன். காத்து கொறஞ்சா டயரு பரந்து மணல்ல பொதையாது."

"அப்ப திங்கக்கிழமை பாய்க்கு இன்னாத்த மாட்டுவ?"

"சாருக்கு மாட்டுன அதேதான், ஒண்ணுமில்ல. குனிஞ்சு பாக்கற ஆளுங்களா இருந்தா, இதும்மேலயே குந்திக்கினு இத்தப் பத்தி இவ்ளோ பேசுவாங்களா?"