உங்க ஆள்

தூதரகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்து முடித்த லியோனி, கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசைமேல் டங்கென்று வைத்தாள்.

“பெத்த பிள்ளையையே யாருன்னு தெரியாதுன்னு சொன்ன கதையா எழுதியிருக்கான் பாரு, டெவிட்டா.”

வெளிநாட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பும் அந்தக் கான்பரா அலுவலகத்தில் அவளுக்கும் அவனுக்கும் இருபது வருடமாக அடுத்தடுத்த மேசை. டெவிட்டா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரை, நம்ம பட்டாசையா?”

பட்டாசு என்பது அலுவலகம் வைத்த பெயர். சிட்னியில் ஒரு ரயில் நிலையத்துக்குக் குண்டு வைக்கத் திட்டம் போட்டு மாட்டியவன். தண்டனை முடிந்து, விசாவும் ரத்தாகி, இப்போது தடுப்பு முகாமில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய நாடு பயணப் பத்திரம் கொடுத்தால்தான் விமானத்தில் ஏற்ற முடியும். அது கொடுத்தபாடில்லை. அனுப்ப வழியில்லாத ஆளைக் காலமெல்லாம் அடைத்துவைக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் வராவிட்டால் வெளியே விடுங்கள் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்று புதன்.

அவன் குறிவைத்த அதே நிலையத்தில்தான் லியோனியின் மகள் டாம்சின் தினமும் ரயில் ஏறுகிறாள்.

“சத்தமா படி, நானும் கேக்கறேன்,” என்றான் டெவிட்டா.

லியோனி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“‘மேற்படி நபர் தமது ஆறாவது வயதிலேயே எங்கள் மண்ணை விட்டுச் சென்றவர். அவர் நல்லது கற்றதும் கெட்டது கற்றதும் தங்கள் நாட்டில்தான். ஆகவே அவரை எங்களவராகக் கருத இயலாமைக்கு வருந்துகிறோம். இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.’ எவ்வளவு திமிர் பாத்தியா?”

“திமிரோ என்னவோ, எழுதத் தெரிஞ்சவன்.”

“வருந்துகிறோமாம். இதை எழுதினவனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. இவனுங்க பண்ற வினைக்கு எவன் வீட்டுப் பிள்ளையோ சாகணும்.”

பேசிக்கொண்டே பட்டாசின் கோப்பைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றாள். கடிதத்தைப் பார்த்தாள். மறுபடி கோப்பைப் பார்த்தாள்.

“டெவிட்டா, இவன் இங்க வந்தது பதினோரு வயசுல. ஆறுன்னு எழுதியிருக்கான்.”

“அதனால?”

“கோப்பைப் பாக்காமலே பதில் எழுதியிருக்கான்னு அர்த்தம். இதை நீதிபதிகிட்ட காட்டினா ரெண்டு வாரமாவது அவகாசம் கிடைக்கும்.”

டெவிட்டாவும் கேட்கட்டும் என்று போனை ஒலிபெருக்கியில் போட்டு, பட்டாசின் நாட்டுத் தூதரகத்தைக் கூப்பிட்டாள். எடுத்தவர் செயலர் டாமிர். இந்த வாரத்தில் இது ஐந்தாவது தடவை. கேள்வி மட்டும் ஒன்றேதான்.

“டாமிர், லியோனி பேசறேன். உங்க ஆளை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?”

“கடிதம் வந்து சேரலையா, மேடம்?”

“சேர்ந்தது. பதினோரு வயசுல வந்தவனை ஆறு வயசுன்னு எழுதியிருக்கீங்க. சொந்த நாட்டுக்காரனைப் பத்தி இதுகூடவா தெரியாது?”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“அடடா. ஆமா, மேடம். தப்புதான்.”

லியோனி டெவிட்டாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க.”

“தாராளமா கொடுக்கறேன். பழைய கடிதம் ஒண்ணைப் பாத்து அடிச்சோம். பேரை மாத்தினோம், தேதியை மாத்தினோம். வயசை மாத்த விட்டுப்போச்சு.”

“பழைய கடிதமா? அதை எந்த மகராசன் எழுதினான்?”

“நீங்கதான், மேடம்.”

லியோனி போனையே பார்த்தாள்.

“மூணு வருஷம் முன்னாடி,” என்றார் டாமிர். “எங்க ஊர்ப் பாலத்துக்குக் குண்டு வைக்கப் போய் மாட்டினானே, டேரன். உங்க நாட்டு வாகா வாகா ஊர்ல பிறந்து, ஆறு வயசுல அம்மாவோட எங்க ஊருக்கு வந்தவன். கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டதுக்கு நீங்க அனுப்பின பதில். எங்க மேலிடத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இதைவிட நல்லா நமக்கு எழுத வராது, இதையே அனுப்புன்னுட்டாங்க.”

டெவிட்டா எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துவந்து, அவள் முன்னால் விரித்து வைத்தான். அதே வரிகள். கீழே அவளுடைய கையெழுத்து. அன்றைக்கு மேலதிகாரி அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டி, லாமிங்டன் கேக் வாங்கிவந்து வைத்ததுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று டெவிட்டா இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தான்.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“டேரனுக்கும் தண்டனை முடியுது. அடுத்த மாசம் வெளிய வர்றான். என் தங்கச்சி பிள்ளைங்க அந்தப் பாலத்து வழியாத்தான் தினமும் பள்ளிக்கூடம் போகுதுங்க.”

டாமிரின் குரலில் இருந்த குறும்பு போய்விட்டிருந்தது. லியோனிக்குத் தெரிந்த ஒரே பதில் அவள் கையெழுத்தோடு எதிரிலேயே கிடந்தது.

“அதனால இனிமே தினமும் நானும் உங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்னு இருக்கேன், மேடம்,” என்றார் டாமிர். “உங்க ஆளை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?”