பின்பக்கம் இல்லாத சர்ச்

கோடம்பாக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் வடிவேலு பிளைவுட்டில் கட்டிய இங்கிலீஷ் கிராமத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. சர்ச், தபாலாபீஸ், சாராயக்கடை எல்லாவற்றுக்கும் பின்னால் சவுக்குக் கம்பு முட்டுதான். படம் முடிந்து செட்டைப் பிரிக்கும்போது, ஆணி பிடுங்க சர்ச் கதவைத் திறந்து போன அவன் மச்சினன் மண்ணாங்கட்டி சோற்று நேரமாகியும் வரவில்லை.

"உள்ள இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"மழை பேயுது மாமா. ஆறு கீது, பாலம் கீது, வெள்ளைக்காரன் ஆடு மேய்க்கிறான்."

"பகல்லயே ஊத்திக்கினியா? உங்கக்காவுக்கு எவன் பதில் சொல்றது? பிரிச்சா தானா வருவ!"

வடிவேலு ஒரே இழுப்பில் சர்ச்சைச் சாய்த்தான். பின்னால் கம்புகள் இருந்தன, ஆள் இல்லை. தரையில் கிடந்த கதவை அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

"நனையிறேன் மாமா, தொற."

திறந்தான். காய்ந்த சிமெண்ட் தரைதான் இருந்தது. மூடியதும் மறுபடியும் தட்டல் கேட்டது.