அறுபது குடுவை வேர்

எனக்குத் துரோகம் செய்தது என் மருமகள்தான். என் ஒரே மகன் கட்டிக்கொண்டு வந்தவள். அதையும் எல்லார் முன்னாலும் செய்தாள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் விஞ்ஞானி. நான் குடுவை கழுவுகிறவன். படிப்பு நாலாவதோடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் நான் கழுவிய குடுவையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே படலமாக வழிந்தால்தான் சுத்தம். என் குடுவையில் முத்து நின்றதே இல்லை.

அந்தக் குடுவைகளில் வளர்வது வேர். செடி கிடையாது, மண் கிடையாது. இலையைக் கீறி, மண்ணில் இருக்கிற ஒரு கிருமியைத் தடவினால், அந்த இடத்தில் முடி மாதிரி வேர் கிளம்பும். பிறகு கிருமியைக் கொன்றுவிட்டு, வேரை மட்டும் வெட்டிக் கரைசலில் போட்டால் அது பாட்டுக்கு வளரும். அந்த வேரிலிருந்து மருந்து எடுப்பார்கள். காட்டில் ஐந்து வருஷம் பிடிக்கிற வேர் எங்களிடம் ஐந்தே வாரத்தில் வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், அறுபது குடுவை வேரும் பழுப்பேறிச் செத்துக் கிடந்தது.

இயக்குநர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

“யார் பண்ணின வேலை இது? அந்த ஆள் நாளையிலேருந்து வர வேண்டாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முன்னால் வந்தாள்.

“குடுவை சரியாக் கழுவல சார். சோப்பு நின்னிருக்கு.”

“கழுவினது யாரு?”

“எங்க மாமா.”

ஒப்பந்த ஆளாக இருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார். நான் நிரந்தரம். அதனால் வாசல் மேசைக்கு மாற்றினார். வந்து போகிறவர்கள் பெயரை எழுதுகிற வேலை. நான் எழுதி முடிப்பதற்குள் சிலர் உள்ளே போன காரியம் முடிந்து திரும்பியே வந்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து மருமகளோடு பேச்சை நிறுத்தினேன். எது என்றாலும் பேத்தி மூலம்தான்.

“உங்க அம்மாகிட்ட சொல்லு, தண்ணி வேணும்னு.”

“அம்மா இங்கதான் நிக்கிறாங்க தாத்தா.”

“தெரியும். நீ சொல்லு.”

மகன் ஒருநாள் கேட்டான். “ஏம்ப்பா, எத்தனை நாளைக்கு இப்படி?”

“உன் பொண்டாட்டிய கேளு.”

எட்டு மாதம் ஓடிவிட்டது. நேற்று ஆய்வுக்கூடத்தில் ஒரு விழா. புதிதாக வளர்த்த வேர் வெள்ளை வெளேரென்று வந்து, அதிலிருந்து முதல் மருந்தும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் உயரம் ஒரு சீசா. அதை மருமகள் மேடையில் தூக்கிக் காட்டினாள். அரங்கமே எழுந்து நின்றது. என் கையும் இரண்டு தடவை தட்டிவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

விழா முடிந்து வாசல் மேசைக்கு வந்தால், அங்கே கரைசல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். வேருக்கு ஊட்டக் கரைசல் கலக்குகிறவள். வீட்டுக்காரர் ரொம்ப நாளாகப் படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம்.

“அண்ணே, இன்னிக்கு என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க.”

“நல்லதும்மா.”

“இனிமே மறைக்க முடியாதுண்ணே. அந்த வேரெல்லாம் செத்தது என்னாலதான். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வேலைக்கு வந்தேன், கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கரைசல்ல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்.”

நான் பெயர் எழுதுகிற நோட்டை மூடி வைத்தேன்.

“உங்க மருமகளுக்குத் தெரியும். ‘உங்கள அனுப்பினா ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும். எங்க மாமாவ யாராலயும் அனுப்ப முடியாது. என்கூடப் பேச மாட்டார், அதை நான் தாங்கிக்கிறேன்’னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாங்க.”

“உப்பு விஷயம் எனக்குத் தெரியும்மா.”

“யார் சொன்னா?”

“நீ சனிக்கிழமை கரைசல் கலக்கின பாத்திரம் அன்னிக்குக் காலையில என்கிட்டதான் கழுவ வந்துச்சு. ஓரமெல்லாம் உப்பு வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. யார் கண்ணுலயும் படுறதுக்கு முன்னாடி கழுவிக் கவுத்துட்டேன். அவ உனக்காகத்தான் என் பேரைச் சொன்னான்னும் அப்பவே புரிஞ்சுது.”

“எல்லாம் தெரிஞ்சுமா எட்டு மாசமா அவங்களோட பேசல? அவங்க மேல என்னண்ணே கோவம்?”

“பின்ன என்னம்மா? ‘நான்தான் சரியாக் கழுவல’ன்னு சொல்லத்தான் அன்னிக்கு நானே வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. ‘மாமா, இந்தப் பழிய நீங்க ஏத்துக்குவீங்களா’ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அந்த வார்த்தை இன்னும் பாக்கி இருக்கு.”