வளர்மதியின் மூச்சு

"மூச்சு மெஷின் தன்பாட்டுக்குக் காத்தைத் தள்ளுனா, ஆபரேஷன் ஆன ரத்தக்குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காதும்மா. இந்தப் பட்டையை நெஞ்சுல கட்டிக்கங்க. உங்க மூச்சைப் பார்த்து மெஷின் உங்க வீட்டுக்காரருக்கு மூச்சு குடுக்கும்" என்று டாக்டர் ஷாஹிதா வளர்மதியிடம் சொல்லியிருந்தார்.

"நான் பயந்துட்டா டாக்டர்?"

"சொந்த வீட்டுல பயப்பட என்ன இருக்கு?" என்று சிரித்தார் அவர்.

இப்போது வீட்டில், தொண்டைக் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்த கணவன் செங்குட்டுவனைத் தூங்கச் சொல்லி, நெஞ்சில் பட்டை கட்டியிருந்த வளர்மதி அவன் போனை வாங்கி வைத்தாள். அவன் டம்ளரை எடுத்து வீசினான். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. குனிந்தவளின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கட்டில் சட்டத்தில் மோதினான். மறுபடியும் கையை ஓங்கினான்.

அடி விழப்போகிறது என்றால் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்ட பழக்கம். இன்றும் அடக்கினாள். இயந்திரமும் நின்றது.

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலமானது. ஓங்கிய கை இறங்கி அவள் புடவையைப் பற்றிக்கொண்டது. இன்னும் சற்று அடக்கினால் போதும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்த அவனுக்கும் தெரிந்தது.

அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். குழாயில் காற்று ஓடி அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

ரத்தத்தைத் துடைக்காமலே, இத்தனை வருஷமாக வாய்வரை வந்து நின்றுபோனதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இனிமே என்னை அடிக்காதீங்க."