குடியை விட்டவன் பெண்டாட்டி

“கட்டின புருஷனுக்கு எவளாவது பிராந்தி வாங்கி ஊத்திக் கொடுப்பாளா? நீயே சொல்லு மோளே!”

லதீஃபா கேட்டைத் திறக்காமல் வழியை மறித்து நின்றுகொண்டே கேட்டாள். கொச்சங்காடியில் அந்த வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரி அவள். குடியிருப்பவர்களின் மானமும் மரியாதையும் தன் பொறுப்பில்தான் இருக்கிறது என்று நினைப்பு.

ரஃபீனாவுக்குக் கால் கடுத்தது. காலையிலிருந்து மட்டாஞ்சேரியில் சந்து சந்தாக நுழைந்து, புருஷனிடம் அடி வாங்கிய பெண்களின் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது. கல்லூரியின் மனநல ஆராய்ச்சியில் அவளுக்கு அதுதான் வேலை.

“யாரைச் சொல்றீங்க மாமி? மாடத்தியக்காவையா?”

“பின்னே வேற யாரை? பிவரேஜ் கடையில ஆம்பளைங்களோட வரிசையில நின்னிருக்கா. எங்க பையன் நௌஷாத் கண்ணால பார்த்தான். அந்த இசக்கிமுத்து, பாவம், ஒரு வருஷமா அதைக் கையால தொடலை. பெண்டாட்டியே குழி பறிக்கிறா!”

ரஃபீனாவுக்குப் பகீரென்றது. இத்தனை அழுகைக்கு நடுவே அவள் கையில் இருந்த ஒரே நல்ல செய்தி இசக்கிமுத்துதான்.

சின்ன வயதில் அப்பன் கையால் வதைபட்டவன் வளர்ந்ததும் குடிக்கிறான், குடித்தவன் வீட்டில் கை நீட்டுகிறான், நடுவில் இருக்கிற குடியைப் பிடுங்கிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவள் பேராசிரியர் சங்கர்ராம் அடித்துச் சொல்வது இதைத்தான். அதற்குச் சாட்சியாக வருகிற ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படியில் நடக்கிற குடி ஒழிப்புக் கூட்டத்தில் இசக்கிமுத்துவை மேடையேற்றி மாலை போடப் போகிறார்கள். இந்த நேரம் பார்த்து இந்த அக்காவுக்கு இப்படி ஒரு புத்தி!

உள்ளே போனாள்.

இசக்கிமுத்து குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் பளிச்சென்று இருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான்.

“வாங்க டீச்சர். நீங்களே இவகிட்ட கேளுங்க. சாப்பிட உக்காருதேன், தட்டுக்குப் பக்கத்துல கிளாஸ்ல ஊத்தி வச்சிருக்கா. நான் தொடுவேனா? பாட்டிலோட கொண்டுபோய் ஓடையில கொட்டிட்டேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். எவ்வளவு தன்மையான மனுஷன் ஆகிவிட்டான் என்று ரஃபீனாவுக்கு மனசு இளகியது.

மாடத்தி சுவரோரமாக நின்றாள். இஞ்சிக் கிடங்கில் சுக்கு புடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சேலையெல்லாம் தூசி.

“அண்ணே, நீங்க போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்க. நான் அக்காகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்.”

குடியை விட்ட நாளிலிருந்து ரஃபீனா எப்போது வந்தாலும் அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். மாடத்திக்கும் சேர்த்து அவனே பதில் சொல்வான். இன்றைக்குக்கூட விசாரிப்பதற்காக அவனை அனுப்பவில்லை. புருஷன் எதிரில் பெண்டாட்டியைத் திட்ட வேண்டாமே என்றுதான் அனுப்பினாள்.

“நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்க டீச்சர்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அவன் தலை மறைந்ததும் ரஃபீனா பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அவர் குடிச்சுட்டு வந்து அடிச்சப்ப என் தோள்ல சாஞ்சு எப்படி அழுதீங்க? அதெல்லாம் மறந்து போச்சா?”

மாடத்தி சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

“ஊரே அந்த மனுஷனைக் கொண்டாடுது. உங்களுக்கு மட்டும் பொறுக்கலையா? வீடு அமைதியா இருந்தா ஒத்துக்கலையா?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்ததைக் கொட்டுகிற அளவுக்கு அலுத்துப் போயிருந்தது. அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

மாடத்தி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“குடிங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கிய.”

ரஃபீனா குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு மாடத்தி கேட்டாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? முன்னெல்லாம் வந்தா, அடிச்சாரா, எங்க அடிச்சாருன்னு கேப்பியளே. ஒரு வருஷமா ஏன் அதைக் கேக்கதே இல்ல?”

“அது குடிக்கிறவங்க வீட்டுல கேக்கற கேள்விக்கா. முதல்ல குடிக்கிறாரான்னு கேப்போம். இல்லைன்னு சொல்லிட்டா அந்தப் பேச்சுக்கே போக மாட்டோம். குடியே இல்லாத வீட்டுல அடி எங்கிருந்து வரும்?”

மாடத்திக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அழுகிற தெம்பு அவளுக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“குடிச்சிருந்தா பாதி அடி சுவத்துல விழும் டீச்சர். கொஞ்ச நேரத்துல சாஞ்சு தூங்கியும் போவாவ. இப்ப தெளிவா இருக்காவல்லா, ஒண்ணுகூட தப்பதில்ல.”