பத்தொன்பது குஞ்சுகள்

பதினோராவது உடம்பையும் சுலக்ஷனா பழைய பேப்பரில் சுற்றி, கதவோரம் மற்றப் பத்தோடு வைத்தாள். அழக்கூட நேரமில்லை. மிச்சமிருந்த பத்தொன்பது கோழிக்குஞ்சுகளும் அட்டைப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வாங்கிவந்த ஆறு நாள் குஞ்சுகள். காலையில் ராகலைப் பக்கம் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பல்பு அணைந்த பெட்டிக்குள் மழைக்குளிர் இறங்க எவ்வளவு நேரமாகும்?

"என்னா புள்ள, பட்டதாரிக் குஞ்சுங்க சத்தத்தையே காணோம்?" பக்கத்துக் காம்பராவிலிருந்து வேலாயி குரல் கொடுத்தாள்.

"பரீட்ச எழுதுதுங்க அத்த. அதான் வாயத் தொறக்கல."

சுவருக்கு அந்தப்பக்கம் சிரிப்புக் கேட்டது. சுலக்ஷனா சிரிக்கவில்லை. நாலு மணிக்கு ஏஜென்சிக்காரர் யோகேஸ்வரன் போன் பண்ணுவார். குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்க, கூட்ட, துடைக்க. போவதா இல்லையா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருஷம் வேலைக்குக் காத்துக் கிடந்தவளுக்கு இந்தக் குஞ்சுகள்தான் கடைசிப் பிடி.

"இதுங்க செத்துச்சுன்னா நான் போறேம்மா. முடிவு பண்ணிட்டேன்."

அம்மா அழகம்மாவின் முகம் கறுத்தது. அவளுடைய தங்கச்சியும் இப்படித்தான் போனாள். திரும்பி வந்தது சவப்பெட்டி. அழகம்மா சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"தேயில ஸ்டோர் வரைக்கும் போயி ரோதமுனியக் கும்புட்டுட்டு வந்துர்றேன்."

"தேயில மெசின் சக்கரத்துக்குக் காவல் நிக்கிற சாமிம்மா அது. கோழிக்குஞ்சு வைத்தியமும் பாக்குதாக்கும்?"

"வாயக் கழுவு!" அழகம்மா மழையில் இறங்கி நடந்தாள்.

விறகெல்லாம் ஈரம். சுலக்ஷனா கட்டிலுக்கடியில் இருந்த பல்கலைக்கழக நோட்டுக் கட்டை இழுத்தாள். கிழித்துக் கிழித்து அடுப்பில் போட்டாள். நாலு வருஷப் பொருளியல் முதன்முதலாக ஓர் உயிருக்குப் பயன்பட்டது.

கொதித்த தண்ணீரை ஜாம் போத்தல்களில் ஊற்றி, துணி சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவே வைத்தாள். ஆறியதும் மறுபடி கொதிக்கவைத்தாள். ஒன்றை உள்ளங்கையில் பொத்தி வாயால் ஊதினாள். "செத்துத் தொலையாதீங்கடி. ஒங்கள நம்பித்தான் இருக்கேன்."

அழகம்மா தெப்பமாக நனைந்து வந்தாள். கைக்குள் பொத்திக் கொண்டுவந்த திருநீற்றை நேராக மகளின் நெற்றியில் அப்பினாள்.

"எனக்கெதுக்கு? சாகக் கெடக்குற குஞ்சுக்குப் பூசும்மா."

அழகம்மா பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. மகளின் தலையைத் தடவியபடியே நின்றாள்.

நாலாவது தடவை போத்தல் மாற்றியபோது ஒன்று தலையைத் தூக்கி, கீச்சென்றது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் குவியல் பிரிந்து, பத்தொன்பதும் காலூன்றித் தீனியைக் கொத்த ஆரம்பித்தன.

போன் அடித்தது.

"அண்ணே, நான் வரல. என் பேர வெட்டிருங்க... இல்லண்ணே, யோசிச்சுத்தான் சொல்றேன். யார் காலையும் கழுவ நான் வரல."

போனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "எங்கயும் போகலம்மா! அஞ்சாறு மாசத்துல இதுங்க முட்ட போட்டுரும். அப்புறம் ஒன்னய இந்த அட்டக்கடியில கொழுந்தெடுக்க விடுவேனா?"

அழகம்மா மகளின் கன்னத்தைப் பிடித்துச் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. அப்போதுதான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

"நீ போகாம இருந்தா ஒண்ணு விடாம அத்தனையையும் அறுத்துப் படைக்கிறேன்னு ரோதமுனிக்கு நேந்துட்டு வந்துட்டேன் புள்ள."