கடைசி டப்பா

“காலி பூச்சிமருந்து டப்பாவக் குடுத்துட்டு, புதுக் குடம் வாங்கிக்கங்க. மருந்து டப்பாவுல தண்ணி பிடிச்சுக் குடிச்சா உசுருக்கே ஆபத்து!”

போடிமெட்டைத் தாண்டிய ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள் அமுதவள்ளி. போடி சுற்றுச்சூழல் அமைப்பின் ஊழியர் அவள்; லயத்துக்காரர்களுக்கு ‘டீச்சர்’. ஆறு வருடம் அலைந்ததில் இதுதான் முதல் வெற்றி. தோட்ட முதலாளியே குடங்களை வாங்கித் தந்து, ஜீப்பையும் அனுப்பியிருந்தார்.

நாற்பது டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. கடைசி வீட்டுச் செல்லக்கிளி மட்டும் மறுத்தாள்.

“எங்க வீட்ல டப்பா இல்ல டீச்சர்.”

“அரிசிப் பானைக்குப் பின்னால தெரியுதேக்கா, நீல டப்பா!”

“அது எனக்கு வேணும். உங்க குடம் வேணாம்.”

“எத்தன தடவ கழுவினாலும் விஷம் போகாதுக்கா. பிள்ளைக இருக்க வீடு.”

“நான் அதக் கழுவவே இல்ல டீச்சர்.”

அமுதவள்ளி விழித்தாள். செல்லக்கிளி குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க வீட்டுக்காரரு கடைசியா அடிச்ச மருந்து இது. மயங்கி விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. அப்படி ஒரு மருந்தே தோட்டத்துக்கு வாங்கலன்னு சாதிக்கிறாக. நாளைக்குக் கோர்ட்டு. எனக்கு இருக்க சாட்சி இந்த டப்பா ஒண்ணுதான்.”

அமுதவள்ளி குடத்தை வாசலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினாள்.

ஜீப் டிரைவர் போனோடு எதிரே ஓடி வந்தான்.

“டீச்சர், முதலாளி லைன்ல இருக்காரு. செல்லக்கிளி வீட்டு டப்பா வந்துருச்சான்னு மூணாவது தடவையா கேக்குறாரு.”